புதுப்பிப்பு: பாப்பாவைக் கோயிலுக்குத் தூக்கிப் போய் வந்தோம்

இரண்டு மாதப் பாப்பாவைக் கொடைக்கானல் சீசன் கூட்டத்தில் வெளியே கொண்டு போகலாமா, கிருமி தொற்றுமோ என்று போன மாதம் புலம்பியிருந்தேன். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடிந்துவிட்டன. கடைசி ஊசியன்று நர்ஸ் அக்காவிடமும் கேட்டேன். "வெளிக்காத்துல ஒண்ணும் ஆகாதும்மா. சளி, இருமல் இருக்கவங்ககிட்ட கொடுக்காதீங்க, முத்தம் கொடுக்க விடாதீங்க" என்றார்.

சரி என்று ஞாயிறு தவிர்த்து, புதன் காலை 7 மணிக்கே குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். கூட்டமே இல்லை. கம்பளிக் குல்லாவுக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது. திரும்பும்போதுதான் வினை. மிளகாய் பஜ்ஜி தின்ற கையோடு ஒரு அம்மா கன்னத்தைக் கிள்ள வந்தார். எனக்கு வாய் வரவில்லை. என் அத்தைதான், "காலைத் தொட்டுக் கொஞ்சுங்க தாயி, கன்னம் வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே மறித்துவிட்டார். அந்த அம்மாவும் கோபிக்கவில்லை, குட்டி சாக்ஸைத் தடவிவிட்டுப் போனார்.

அன்றிரவு மூன்று தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன் (100.4-ஐத் தொட்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் வரச் சொல்லியிருந்தார்கள்). ஒன்றுமில்லை. நான்கு நாள் கழித்து வீட்டுக்குச் சளியைக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர். இப்போது அவருக்குத் தனிப் படுக்கை, முகக்கவசம்.