எண்ணியது குழந்தையையா, புகாரையா? குழந்தைப் பாதுகாப்புத் தரவை ஒப்பிடும்போது

இரண்டு இடங்களின் எண்களை அருகருகே வைக்கும் முன் பார்க்க வேண்டியது எதை எண்ணினார்கள் என்பதை. ஒரே குழந்தையைப் பற்றி ஓராண்டில் மூன்று புகார் வந்தால் ஓரிடத்தில் அது 3, இன்னோரிடத்தில் 1. அமெரிக்காவின் என்கேண்ட்ஸ் (NCANDS, குழந்தைகள் மீதான கொடுமை, புறக்கணிப்பு பற்றிய தேசியத் தரவுத் தொகுப்பு) அறிக்கையில் இரண்டு வகை எண்ணிக்கையும் இருக்கும். அட்டவணைத் தலைப்பைப் படிக்காமல் நகலெடுத்தால் கதை கந்தல். அங்கே ஆண்டு என்பது அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. போதாக்குறைக்கு, சில மாநிலங்கள் ஆபத்துக் குறைவான புகார்களை மாற்று வழியில் கையாளும். அந்தக் குடும்பத்துக்கு உதவி போகும், ஆனால் கொடுமை நடந்ததா இல்லையா என்ற முடிவு எழுதப்படாது. 'உறுதியானவை', அதாவது கொடுமை நடந்தது என்று முடிவான புகார்கள், குறைந்தது இதனால்கூட இருக்கலாம்.

* * *

அடுத்து இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளை இங்கிலாந்து மார்ச் 31 அன்று எண்ணுகிறது, ஸ்காட்லாந்து ஜூலை 31 அன்று. தேதி வித்தியாசம் சின்ன விஷயம். கட்டாய மேற்பார்வை உத்தரவின் கீழ் சொந்த வீட்டிலேயே இருக்கும் குழந்தைகளும் ஸ்காட்லாந்துக் கணக்கில் வருவதுதான் பெரிய விஷயம். இருப்பிட வாரியான அட்டவணையை எடுத்து, பெற்றோருடன் இருப்பவர்களை இரண்டு பக்கமும் கழித்த பிறகே விகிதம் போடுங்கள்.

இங்கிலாந்தின் பாதுகாப்புத் திட்ட (ஆபத்தில் உள்ள குழந்தைக்காகப் போடப்படும் திட்டம்) எண்ணிக்கையில் இன்னும் பிறக்காத சிசுவும் உண்டு. வகுக்கும் மக்கள்தொகையில் அது கிடையாது. பராமரிப்பு எண்களை அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கி வெளியிடுவதால் கூட்டுத்தொகையும் சரியாக வராது. அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள்.

* * *

இந்தியத் தரவு எடுப்பவர்களுக்கு: தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் முதன்மைக் குற்ற விதியைப் பின்பற்றுகிறது. ஒரு முதல் தகவல் அறிக்கையில் ஐந்து பிரிவுகள் இருந்தாலும் அதிகத் தண்டனைக்குரிய குற்றத்தின் கீழ்தான் அந்த வழக்கு எண்ணப்படும். இது காவல்துறைப் பதிவு. சமூகநலத் துறையின் புகார் எண்ணிக்கைக்கு எதிரே வைக்கவே கூடாது. பதிவு கூடியிருக்கிறது என்றால் குற்றம் கூடியது என்றும் ஆகாது, புகார் கொடுப்பது எளிதாகியிருக்கலாம்.

வேலைக்கு ஆகும் வழி: எண்களைத் தொடும் முன் ஒரு தாள் போடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரிசை. எண்ணும் அலகு, காலம், வயது வரம்பு, புகாரை உறுதிசெய்யத் தேவையான சான்றளவு, விதி மாறிய ஆண்டு எனப் பத்திகள். பொருந்தாத பத்தி மூன்றைத் தாண்டினால் இடங்களை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, ஒவ்வோர் இடத்தின் போக்கையும் தனித்தனியே பாருங்கள். விதி மாறிய ஆண்டில் வரைபடக் கோட்டைத் துண்டித்தே வரையுங்கள்.