புதுப்பிப்பு: வலியோடு வாழ மனநல சிகிச்சை, ஆள் கிடைத்துவிட்டார்

முன்பு கேட்டிருந்தேன்: எனக்கு முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கிற நோய்), மாத்திரையில் வீக்கம் கட்டுப்பட்டும் வலியும் தூக்கமின்மையும் போகவில்லை, சென்னையில் தமிழில் பேசுகிற சைக்காலஜிஸ்ட் யாராவது உண்டா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஒருவர் சொன்னபடி டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டேன். இலவசம், தமிழிலேயே நிதானமாகக் கேட்டார்கள், தொடர் சிகிச்சைக்கு நேரில் ஒருவரைப் பாருங்கள் என்றார்கள். அப்புறம் நேரில் முதலில் போன இடத்தில் 'பாசிட்டிவா நினைங்க' என்றதோடு சரி, மறுபடி போகவில்லை. அதற்குப் பிறகு அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுவேன்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா, நாள்பட்ட வலி உள்ளவர்களைப் பார்த்திருக்கிறாரா? இதை நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

இப்போது பார்க்கிறவர் வலியெல்லாம் மனசுதான் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கொஞ்சம் தேவலை என்ற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மறுநாள் படுத்துக்கிடப்பேன் இல்லையா, அதைத்தான் முதலில் பிடித்தார். வலிக்கிற வரை செய்யாதே, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்து என்கிறார். காய் நறுக்க பத்து நிமிடம்; அலாரம் அடித்தால் பாதி வெண்டைக்காய் மிச்சமிருந்தாலும் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். மாமியார் முதலில் முறைத்தார், இப்போது மிச்சத்தை அவரே எடுத்து நறுக்குகிறார்.

வலி குறைந்ததா என்றால், இல்லை. ஆனால் காலையில் விரல் மடங்கவில்லை என்றாலே அன்றைய நாள் போச்சு என்று நெஞ்சு படபடக்குமே, அது நன்றாகவே குறைந்திருக்கிறது, தூக்கமும் வருகிறது. மாத்திரைகள் அப்படியே தொடர்கின்றன, முடக்குவாதத்துக்குப் பார்க்கிற டாக்டரிடமும் (ருமட்டாலஜிஸ்ட்) சொல்லியிருக்கிறேன். வெளியே கிளம்ப முடியாத நாளில் சைக்காலஜிஸ்ட் வீடியோ காலிலும் பார்க்கிறார்.