‘பேக்போர்ட்’ என்பதற்குப் ‘பதிப்பு மாறாத் திருத்தம்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

மென்பொருளின் புதிய வெளியீட்டில் செய்த திருத்தத்தை முந்தைய வெளியீட்டிலும் சேர்ப்பதைக் குறிக்கும் ‘பேக்போர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முன்வைக்கப்பட்டுள்ள ‘பின்னொட்டு’, ‘பின்பெயர்ப்பு’ ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. முன்னது இலக்கணத்தில் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்ட சொல். பின்னதில் உள்ள ‘பின்’ காலத்தைக் குறிக்கையில் நமக்குப் ‘பிற்பாடு’ என்றே பொருள்படும். இங்கோ, புதிய வெளியீட்டில் செய்த திருத்தம் முந்தைய வெளியீட்டுக்குப் போகிறது.

செயலை விட்டுவிட்டு, அதன் விளைவைப் பெயராக்கலாம் என்பது என் கருத்து. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் (பிற மென்பொருள்கள் பயன்படுத்தும் பொது நிரல்தொகுப்பில்) ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு வழு வெளிப்பட்டபோது, அதன் குழுவினர் வழுவைச் சரிசெய்து 1.0.1ஜி என்ற பதிப்பை வெளியிட்டனர். டெபியன் 7 என்ற லினக்ஸ் இயங்குதள வெளியீட்டில் இருந்ததோ அதற்கு முந்தைய 1.0.1ஈ. டெபியனின் பாதுகாப்புக் குழுவினர் புதிய பதிப்புக்குத் தாவாமல், வழுவை நீக்கும் நிரல்வரிகளை மட்டும் பழைய மூலநிரலில் சேர்த்து, பதிப்பெண்ணை அப்படியே விட்டு, அதன் இறுதியில் வரும் தங்கள் பொதிக்குறியை (நிறுவத்தக்க வடிவில் தொகுத்த மென்பொருளான பொதிக்குத் தாங்கள் இடும் திருத்த எண்ணை) மட்டும் உயர்த்தி வெளியிட்டனர். நிலையான வெளியீட்டில் ஒரு நிரலகத்தின் நடத்தை மாறினால், அதைச் சார்ந்த பிற பொதிகள் இயங்காமல் போகக்கூடும் என்பதே இந்த நடைமுறைக்குக் காரணம். ஆனால், பதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடும் சோதனைக் கருவிகள் திருத்தப்பட்ட பொதியையும் ‘ஓட்டை உள்ளது’ என்று அறிவித்துவிடும். நிர்வாகி பொதியின் மாற்றக்குறிப்பைத் திறந்து, உரிய சிவிஇ எண் (பாதுகாப்பு வழு ஒவ்வொன்றுக்கும் இடப்படும் பொது அடையாள எண்) அங்கே இருக்கிறதா என்று தேடித்தான் தெளிய வேண்டும். பதிப்பு மாறவில்லை, திருத்தம் வந்துவிட்டது என்பதைச் சொல்லே உணர்த்தினால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

ஆகவே ‘பதிப்பு மாறாத் திருத்தம்’. அச்சுலகில் வழங்கும் ‘திருத்திய பதிப்பு’ என்பதோடு இது பொருத்தமாக முரண்படுவதும் நல்லதே: 1.0.1ஜி திருத்திய பதிப்பு. டெபியன் தந்தது பதிப்பு மாறாத் திருத்தம்.

டெபியனின் ‘பேக்போர்ட்ஸ்’ களஞ்சியத்துக்கு மட்டும் இச்சொல் பொருந்தாது. அடுத்த வெளியீட்டுக்கென ஆயத்தமாகும் புதிய பதிப்புகளை, நிலையான வெளியீட்டில் இயங்குமாறு மீளத் தொகுத்துத் தருவது அது; அங்கே பதிப்பு மாறத்தான் செய்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் நாமும் ஒன்றே வைக்க வேண்டியதில்லை. அதற்குப் ‘புதுப்பதிப்பு மீள்தொகுப்பு’ எனலாம். இதைவிடச் சிறந்த சொல் கிடைத்தால் மகிழ்வேன்.

சொல் நீளம் என்ற மறுப்பு எழக்கூடும். ‘மாறாத் திருத்தம்’ என்று குறுக்கினால், இனி மாற்றவே இயலாத திருத்தம் என்று படிப்பவர் எண்ணுவார். எனவே இடைமுகப்பில் இடம் நெருக்கினாலும் முழுச்சொல்லையே ஆளுமாறு வேண்டுகிறேன்.