மறு: பாட்டம் நேவிகேஷன் பார் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். செயலித் திரையின் அடியில் முகப்பு, தேடல் போன்ற படவுருக்களோடு (ஐகான்கள்) நிற்கும் பட்டைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இங்கே வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக மேற்கோள் காட்டிப் பதில் சொல்கிறேன்.

> கீழ் வழிசெலுத்தல் பட்டை என்றே வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் புரிகிறது.

புரிகிறது என்பது உண்மைதான். ஆனால் செலுத்துவது யார்? வண்டியைச் செலுத்துகிறோம், கப்பலைச் செலுத்துகிறோம். வரைபடச் செயலி ‘அடுத்த சந்திப்பில் இடப்பக்கம் திரும்புங்கள்’ என்று சொல்லிக்கொண்டே வருகிறதே, அதற்கு வழிசெலுத்தல் பொருந்தும். முகப்பு, தேடல், கணக்கு என்று வரிசையாக நிற்கும் படவுருக்கள் யாரையும் எங்கும் செலுத்துவதில்லை. விரலால் தட்டினால் அந்தத் திரை வருகிறது, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘கீழ்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பின்செல், முகப்பு, அண்மைச் செயலிகள் என்று இயங்குதளமே மூன்று பொத்தான்களை வைத்திருக்கிறது அல்லவா? ஆங்கில ஆவணங்களில் அதற்கும் நேவிகேஷன் பார் என்றுதான் பெயர். அதுவும் கீழேதான் இருக்கிறது, நம்முடைய பட்டைக்கும் கீழே! ஆக, குழப்பம் வரக்கூடிய ஒரே இடத்தில் ‘கீழ்’ நமக்குக் கைகொடுப்பதில்லை. பலகைக் கணினி போன்ற அகலத் திரைகளிலோ இதே பட்டை இடப்பக்கமாக எழுந்து செங்குத்தாக நிற்கிறது. கூகுள் 2016-இல் செயலிகளின் தோற்றத்துக்கான தன் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டியில் இதைச் சேர்த்தபோது பாட்டம் நேவிகேஷன் என்று பெயரிட்டது. 2021-இல் வந்த அதன் புதிய பதிப்பான மெட்டீரியல் 3-இல் ‘பாட்டம்’ போய்விட்டது. அவர்களே கைவிட்டதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

> அடிப்பட்டை – சுருக்கம், அழகு.

சுருக்கம் சரி. காதில் விழும்போது அடிபட்ட செயலி என்று ஒலிக்கிறது. கீழ்ப்பட்டைக்கும் இதே கதிதான், ‘கீழ்ப்பட்ட’ என்று காதில் விழும்.

> ஆப்பிள் டேப் பார் என்கிறது. தாவல் பட்டை என்று விட்டுவிடலாம்.

இதற்கு நியாயம் இருக்கிறது. ஐபோன் செயலி எழுதுபவர்களுக்கு இது நெடுநாளாகப் பழகிய பெயர். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. குரோம் உலாவியில் தாவல் என்றால் வாசகர் நினைப்பது திறக்கவும் மூடவும் முடிகிற ஒன்றை. எத்தனை வேண்டுமானாலும் திறக்கலாம். இந்தப் பட்டையில் இருப்பவை நிலையானவை. எண்ணிக்கையும் மூன்று முதல் ஐந்து வரைதான் என்பது மெட்டீரியல் வழிகாட்டியின் விதி. இந்தப் பட்டையை உருவாக்க ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் பயன்படுத்தும் பாட்டம்நேவிகேஷன்வியூ என்ற நிரல்கூறில் ஆறாவதைச் சேர்த்தால் செயலி பிழை காட்டி நின்றுவிடும். ஐபோன் சற்று இரக்கம் காட்டி, ஐந்தைத் தாண்டினால் நான்குக்குப் பிறகுள்ளவற்றை ‘மேலும்’ என்ற கடைசிப் படவுருவுக்குள் தள்ளிவிடுகிறது. மூட முடியாத ஒன்றைத் தாவல் என்று எழுதிவிட்டு, பயிற்சிக் கட்டுரையின் அடுத்த பத்தியிலேயே உலாவித் தாவலைப் பற்றியும் எழுத நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?

என் பரிந்துரை: வழிப்பட்டை.

கருவிப்பட்டை, பணிப்பட்டை, முகவரிப்பட்டை என்று ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது; இது அதில் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். வினைத்தொகையாக ஒன்று வேண்டும் என்று ‘செல்பட்டை’யையும் யோசித்துப் பார்த்தேன். செல்பேசிக் கடையில் விற்கும் ஏதோ வார்ப்பட்டை போலத் தோன்றியதால் விட்டுவிட்டேன். இடத்தைச் சொல்லியே ஆக வேண்டிய இடங்களில் ‘கீழ் வழிப்பட்டை’ என்று அடைமொழி சேர்க்கலாம். இயங்குதளத்தின் மூன்று பொத்தான்களை ‘இயங்குதளப் பொத்தான்கள்’ என்றே எழுதிவிடுவோம். பயனர் அவற்றைப் பொத்தான்களாகத்தான் பார்க்கிறார், பட்டையாக அல்ல. சைகை முறைக்கு மாறியவர்களுக்கு அங்கே ஒரு மெல்லிய கோடுதான் மிச்சம்.

சொல்லை முடிவு செய்வதோடு வேலை முடியவில்லை. பட்டைக்குள் வரும் பெயர்கள்தான் உண்மையான தலைவலி. 360 அலகு (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் dp) அகலமுள்ள திரையை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 72 அலகுதான் கிடைக்கும். அதற்குள் ‘அறிவிப்புகள்’ திணறும், ‘பதிவிறக்கங்கள்’ வெட்டுப்படும். எழுத்தைச் சிறிதாக்கினால் கொம்பும் சுழியும் ஒட்டிக்கொள்ளும். எனவே மொழிபெயர்ப்பாளர்கள் பன்மை விகுதியைத் தயங்காமல் விடலாம். அறிவிப்பு, அமைப்பு, பதிவிறக்கம் போதும். ‘முகப்புப் பக்கம்’ வேண்டாம், ‘முகப்பு’ என்றாலே விளங்கும். நான்கு பெயர்களுக்கு மேல் வைக்காமலிருக்க நிரலாளரிடம் கெஞ்சிப் பார்ப்பதும் நல்லது. பெயர்களையே மறைத்துவிட்டு வெறும் படவுருக்களை வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இடம் மிச்சமாகும், ஆனால் இதயப் படம் விருப்பத்தையா உடல்நலத்தையா குறிக்கிறது என்று பயனர்தான் ஊகிக்க வேண்டும்.

பட்டையிலுள்ள ஒவ்வொன்றையும் ‘சேருமிடம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ரயில் டிக்கெட் நினைவுக்கு வந்தாலும் பொருள் சரியாக இருப்பதால் ஏற்கிறேன். அகலத் திரையில் செங்குத்தாக நிற்பதை ஆங்கிலத்தில் ரெயில் என்கிறார்கள்; அதற்குப் ‘பக்க வழிப்பட்டை’ போதுமா, வேறு நல்ல சொல் இருக்கிறதா என்று சொல்லுங்கள். தண்டவாளம் என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம்.