மறுமொழி: ‘ஓநாய்ப் பஞ்சமம்’ வேண்டாம், ‘ஊளைப் பஞ்சமம்’ என்போம்

அன்புள்ள ஐயா,

சுருதி சேர்த்த கருவியில் ஒரு பஞ்சமம் (ச–ப இணை) மட்டும் கெட்டு அலறுவதை ஆங்கிலத்தில் ‘wolf fifth’ என்பார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் தந்த ‘ஓநாய்ப் பஞ்சமம்’, மாற்றாக ஓர் அம்மையார் எழுதிய ‘குறைபஞ்சமம்’ இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயில் ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்ப்பவன் நான். ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். சென்ற திருவிழாவுக்கு முன், பஜனை ஒரு கட்டையில்தான் (C சுரமே சட்ஜம்) என்று நம்பி, காந்தாரத்தை 4க்கு 5, தைவதத்தை 3க்கு 5 என்ற இயல்பான விகிதங்களில் வைத்தேன். ஒரு கட்டையில் சுரங்கள் அசையாமல் நின்றன. பாட வந்த பெண்ணோ இரண்டு கட்டை கேட்டார். ரிஷபம் சட்ஜமாயிற்று, தைவதம் பஞ்சமமாயிற்று. இரண்டையும் சேர்த்து அழுத்தியதும் பெட்டி ஊளையிட்டது. தூய பஞ்சமமாக 702 செண்ட் (ஒரு ஸ்தாயியை 1200 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு செண்ட்) இருக்க வேண்டிய இடத்தில் 680. நடு ஸ்தாயியில் நொடிக்கு ஏறக்குறைய 11 முறை ஒலி எழுந்து விழுந்தது. கீபோர்டில் அதே இரண்டு சுரங்கள் நொடிக்கு ஒரு முறைதான் அசையும்.

‘குறைபஞ்சமம்’ இந்தப் பெட்டிக்குப் பொருந்தும். ஆனால் ஐரோப்பாவின் பழைய மீன்டோன் (meantone) சுருதி முறையில், காந்தாரம் தூய்மையாக வேண்டுமென்று பதினொரு பஞ்சமங்களைச் சுருக்குவார்கள். சுருக்கியதெல்லாம் பன்னிரண்டாவதன் தலையில் விழும். அது 738 செண்ட்: குறையவில்லை, வீங்கியிருக்கிறது. காதுக்கு இரண்டும் ஊளைதான். பெயரையும் காதிலிருந்தே எடுக்க வேண்டும். ஓநாயின் குரலைக் கேட்டவர் எங்கள் ஊரில் இல்லை. பால்மரக் காட்டில் நள்ளிரவில் நாய் இடும் ஊளையைக் கேட்காதவரும் இல்லை.

இந்தப் பஞ்சமத்தைப் ‘பகை’ என்றே சொன்னால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். இணை, கிளை, பகை, நட்பு நான்கும் சிலப்பதிகாரத்தில் வருபவை. அவை நரம்புகளுக்கிடையே, அதாவது சுரங்களுக்கிடையே, உள்ள உறவைச் சொல்பவை. எப்படிச் சேர்த்தாலும் பகை பகையே. பஞ்சமம் இணைய வேண்டியது, சேர்த்தவன் கையால் கெட்டது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

இப்படிச் சுருதி சேர்க்கும் முறைகளை ஆங்கிலத்தில் ‘temperament’ என்பார்கள்; அதற்குப் பொதுச்சொல்லாகச் ‘சுருதிப் பங்கீடு’ என்பதை முன்வைக்கிறேன். பன்னிரண்டு தூய பஞ்சமங்களை அடுக்கினால் ஏழு ஸ்தாயியைத் தாண்டி 23.46 செண்ட் மிஞ்சும். அந்த மிச்சத்தை எந்தச் சுரம் எவ்வளவு சுமப்பது என்பதுதானே முழு விவகாரமும்? கீபோர்டின் ‘சமப் பங்கீட்டில்’ ஒவ்வொரு பஞ்சமமும் ஏறக்குறைய 2 செண்ட் தாங்குகிறது. ‘மனப்பாங்கு’ என்ற அகராதிச் சொல் இங்கே ஒட்டவே ஒட்டாது.

மீன்டோனுக்குத்தான் தடுமாறுகிறேன். பெரிய முழுச்சுரத்துக்கும் (ச–ரி இடைவெளி) சிறிய முழுச்சுரத்துக்கும் (ரி–க இடைவெளி) நடுவில் வைப்பதால் ‘நடுச்சுரப் பங்கீடு’ எனலாம். மத்திமம் என்று மயங்கிவிடுவார்களோ என அஞ்சுகிறேன். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.