தற்காலிக ஆசிரியர் தேர்வில் வேண்டியவருக்கு இடம்: யாரிடம், எதைக் கேட்பது?

கரிசல்மண் (கேள்வி):

நான் கணிதத்தில் இளநிலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்று, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் தேர்ச்சி பெற்றவள். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதால், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மதிப்பூதியத்தில் ஒருவரை நியமிக்கப் போவதாக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஒட்டியது வெள்ளிக்கிழமை மாலை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை. அங்கே படிக்கும் என் அக்காள் மகள் சொல்லித்தான் எனக்கே தெரிய வந்தது.

மூவர் விண்ணப்பித்தோம். என்னையும் இன்னொருவரையும் ஒன்பதாம் வகுப்பில் இருபது நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார்கள். மூன்றாமவர் பாடம் நடத்தவே இல்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் நின்றவர் அவர்தான். அவர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறாதவர் என்பதும், உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவருக்கு நெருங்கிய உறவினர் என்பதும் ஊரறிந்த செய்தி. தலைமை ஆசிரியரிடம் கேட்டபோது, "குழு எடுத்த முடிவம்மா, இதில் நான் என்ன செய்ய முடியும்?" என்றார். குழுவில் எனக்குத் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். அப்படி ஒரு கூட்டம் நடந்ததே தமக்குத் தெரியாது என்றார்.

புகார் கொடுத்தால் அக்காள் மகளின் படிப்புக்கு ஏதேனும் இடைஞ்சல் வருமோ என்ற அச்சமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

சாக்பீஸ்:

நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். உங்கள் தலைமை ஆசிரியரின் நாற்காலியில் இருந்தவன் என்பதால், அந்தப் பக்கத்தில் நடப்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கணித ஆசிரியர் இருக்க மாட்டார். பத்தாம் வகுப்பு மாணவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "நம்ம பிள்ளைதான், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தொலைபேசியில் அழைத்துவிடுவார். மறுத்தால் சுற்றுச்சுவருக்கும் கழிப்பறைக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பது ஒரு காரணம்; 'நிர்வாக மாறுதல்' என்ற பெயரில் எங்கேனும் தூக்கியடிக்கப்படுவோம் என்பது இன்னொன்று. பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் ஆசிரியரை அமர்த்திய பழைய காலத்தில் நாங்களும் வேண்டியவர்களைத்தான் அமர்த்தினோம். அதை இன்று பெருமையாகச் சொல்ல முடியாது.

2022 ஜூனில் தமிழ்நாடு அரசு 13,331 காலிப் பணியிடங்களை (இடைநிலை 4,989, பட்டதாரி 5,154, முதுநிலை 3,188) மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப ஆணையிட்டபோது இந்தப் பேச்சுதான் பெரிதாக எழுந்தது. தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றுக் காத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. அதன் பிறகு திருத்தி வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகளில்தான் தகுதித் தேர்வு தேர்ச்சிக்கு முன்னுரிமை, மாதிரி வகுப்பு நடத்திக் காட்டுதல் ஆகியவை தெளிவாக இடம்பெற்றன. ஆகவே, உங்கள் பள்ளியில் நடந்ததை ஊர்வழக்கம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

ஒன்றை மட்டும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரரைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் சலுகை ஆகிவிடாது. அந்த ஆண்டு பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் அறிவிக்கப்பட்ட மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய். அந்தத் தொகைக்கு இரண்டு பேருந்து மாறி வருபவர் தீபாவளிக்குள் நின்றுவிடுவார் என்று ஒரு தலைமை ஆசிரியர் கணக்குப் போட்டால் அது தவறில்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தாளில் எழுதி, மூவரையும் பாடம் நடத்த வைத்து, மதிப்பெண் போட்டு, குழுவினர் கையெழுத்துடன் வைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், தொலைபேசியில் அழைத்தவரிடம் காட்டித் தப்பிக்க அது அவருக்கே உதவியிருக்கும்.

இரண்டு பிள்ளைகளின் தாய்:

ஐயாவின் பதிலை மதிக்கிறேன். ஆனால் அதில் குழு உறுப்பினர்களான எங்கள் நிலை விடுபட்டுவிட்டது. நான் வேறொரு மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21இல், இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. நடப்பது என்னவென்றால், தீர்மான நோட்டு வீடு தேடி வரும். "இங்கே ஒரு கையெழுத்து" என்பார்கள். மேலே பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கும். நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நானும் இரண்டு முறை அப்படிக் கையெழுத்திட்டிருக்கிறேன். பிறகுதான் அந்த வெற்றிடத்தில் என்ன எழுதப்பட்டது என்று தெரிந்து பதறினேன். "குழுவின் முடிவு" என்று உங்களிடம் சொல்லப்பட்டது பெரும்பாலும் இந்த வகை முடிவாகத்தான் இருக்கும்.

எனவே, கூட்டமே தெரியாது என்று சொன்ன அந்த உறுப்பினரை விட்டுவிடாதீர்கள். தீர்மானத்தைப் படித்துப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. அடுத்த மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து, இந்த நியமனத் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லட்டும். தம் கையெழுத்து இல்லாத இடத்தில் தம் பெயர் இருந்தால், "எனக்கு அழைப்பு வரவில்லை" என்று அதே நோட்டில் எழுதித் தேதியிடட்டும். அக்காள் மகளைப் பற்றிய அச்சம் எனக்கும் புரிகிறது. ஒருவர் தனியாகப் பேசினால் அந்தக் குழந்தைதான் கண்ணில் படும், நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் அப்படி இருக்காது.

ரிட்மனு:

வழக்குரைஞர் என்ற முறையில் சில செய்திகள். ஈ.பி.ராயப்பா எதிர் தமிழ்நாடு அரசு என்ற 1974ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தன்னிச்சையான செயல் சமத்துவத்துக்கே பகையானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சமத்துவத்தையும் அரசு வேலையில் சம வாய்ப்பையும் சொல்லும் அரசியலமைப்பின் 14, 16ஆம் உறுப்புகளை வைத்து வாதிடும் எவரும் இன்றும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆனால் இந்த மாநிலத்தின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா அந்த வழக்கில் தோற்றார் என்பதைப் பலர் சொல்வதில்லை. உள்நோக்கம் இருந்தது என்று குற்றம் சாட்டுபவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். அந்தச் சுமை மிகப் பெரியது. ஆகவே, "உறவினர் என்பதால் கொடுத்தார்கள்" என்று எழுதாதீர்கள். "மூவரில் ஒருவர் மட்டும் மாதிரி வகுப்பு நடத்தாமல் தேர்ந்தெடுக்கப்பட்டார், தகுதித் தேர்வு முன்னுரிமை பின்பற்றப்படவில்லை" என்று எழுதுங்கள். முதலாவது ஊர்ப்பேச்சு, இரண்டாவது பதிவேட்டை வைத்துச் சரிபார்க்கக் கூடியது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நியமன அறிவிப்பின் நகல், வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை, மாதிரி வகுப்பு மதிப்பெண் பட்டியல், கூட்டத் தீர்மானத்தின் நகலும் வருகைப் பதிவும் என்று ஆவணங்களை மட்டும் கேளுங்கள். "ஏன் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. 30 நாள் கெடு, அதன் பின் முதல் மேல்முறையீடு என்று போனால் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். எனவே அதற்காகக் காத்திராமல் மாவட்டக் கல்வி அலுவலரிடம் இப்போதே ஒரு மனுவும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் அதன் நகலும் கொடுத்துவிடுங்கள்.

இதில் வென்றாலும் கிடைப்பது ஒரு கல்வியாண்டுக்கும் குறைந்த வேலை. உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்புக்குப் பின் இத்தகைய குறுகிய தற்காலிகப் பணியைக் காட்டி நிரந்தரம் கேட்பதும் மிகக் கடினம். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

கரிசல்மண்:

மூவருக்கும் நன்றி. மனுவில் முதலில் 'உறவினர்' என்ற சொல்லைத்தான் ஐந்து இடங்களில் எழுதியிருந்தேன், எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். வேலை கிடைக்காவிட்டாலும், மூன்றாமவருக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்று தெரிய வேண்டும். அந்தக் குழு உறுப்பினர் தீர்மான நோட்டைக் கேட்க ஒப்புக்கொண்டிருக்கிறார். தம்முடன் வர இன்னும் இரண்டு தாய்மாரிடம் பேசுவதாகச் சொன்னார்.

சாக்பீஸ்:

மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பி வந்துவிடாதீர்கள். வாங்கி வைத்துக்கொண்டு முத்திரை போடாமல் அனுப்பிவிடுவது நாங்களே செய்த வேலைதான்.