ஆர்சிபியின் முதல் கோப்பை எது: 2024ஆ, 2025ஆ?

ஓசூர்க்காரன்
2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் ஐபிஎல் ஃபைனலில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு, அதாவது ஆர்சிபி, பஞ்சாப் கிங்ஸை 6 ரன்னில் வென்ற நாளிலிருந்து பார்க்கிறேன், டிவி, பத்திரிகை, யூட்யூப் என்று எங்கே திரும்பினாலும் "18 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் ஆர்சிபியின் முதல் கோப்பை" என்றே போடுகிறார்கள். ஐந்து மாதம் தாண்டி 2025 நவம்பரிலும் அதே வரிதான் ஓடுகிறது. முதல் கோப்பை அது இல்லை. 2024 மார்ச் 17, டெல்லி அருண் ஜெட்லி மைதானத்தில் பெண்கள் அணிக் கேப்டன் ஸ்மிருதி மந்தனா வாங்கியதுதான் முதல் கோப்பை. அதே பெயர், அதே சின்னசாமி மைதானம், அதே முதலாளி. 2023 ஜனவரியில் 901 கோடி ரூபாய் கொடுத்துப் பெண்கள் அணியை எடுத்ததும் அதே நிறுவனம்தான். ஆண்கள் ஜெயித்தால் ஆர்சிபி ஜெயித்தது, பெண்கள் ஜெயித்தால் ஆர்சிபி பெண்கள் ஜெயித்தார்கள் என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

மஞ்சள்சட்டை
அண்ணா, நான் சிஎஸ்கே ரசிகன், அதனால் வம்புக்கு வருகிறேன் என்று நினைக்காதீர்கள். 18 ஆண்டு என்பது ஐபிஎல் கோப்பைக்கான காத்திருப்பு. 2009ல் டெக்கான் சார்ஜர்ஸிடம் 6 ரன்னில், 2011ல் எங்களிடம் சேப்பாக்கத்தில் 58 ரன்னில், 2016ல் சொந்த ஊரிலேயே ஹைதராபாத்திடம் 8 ரன்னில் என்று மூன்று ஃபைனல் தோற்ற அணியின் கதை அது. அந்தக் கதைக்குள் பெண்கள் அணி வரவே இல்லை, அவர்கள் ஆட ஆரம்பித்ததே 2023ல். இரண்டாவது சீசனிலேயே ஜெயித்துவிட்டார்கள். அவர்களுடைய வெற்றியை எடுத்து ஆண்கள் அணியின் காலி அலமாரியில் வைத்தால் அது அவர்களுக்குப் பெருமையா? 2024ல் பாதி ஆர்சிபி ரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள், எங்களோடு மல்லுக்கட்ட ஒரு கோப்பை கிடைத்தது என்பதற்காகக் கொண்டாடினார்கள். அந்த அணியில் யார் யார் ஆடினார்கள் என்று கேட்டால் ஸ்மிருதி, பெர்ரி என்று இரண்டு பெயருக்கு மேல் வராது.

கணக்கன்
மஞ்சள்சட்டை சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது, எண்களை மட்டும் சொல்கிறேன். பெண்கள் லீக்கான டபிள்யூபிஎல்லில் மொத்தம் 5 அணிகள், 22 ஆட்டங்கள். ஆர்சிபி பெண்கள் 10 ஆட்டம் ஆடிக் கோப்பை எடுத்தார்கள். ஐபிஎல்லில் 10 அணிகள், 74 ஆட்டங்கள், ஆண்கள் அணி 16 ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. பரிசுத் தொகை டபிள்யூபிஎல்லில் 6 கோடி, ஐபிஎல்லில் 20 கோடி. இரண்டும் ஒரே எடை என்று சொல்ல முடியாது.

லெக்ஸ்பின் ரசிகை
கணக்கன், 2008ல் ஐபிஎல்லில் 8 அணிகள்தான் இருந்தன. ராஜஸ்தான் அன்று எடுத்த கோப்பையை யாராவது முக்கால் கோப்பை என்று எழுதுகிறார்களா? அணிகளின் எண்ணிக்கையை லீக்தான் முடிவு செய்கிறது, எதிரே நிற்பவரை ஆடி ஜெயிப்பதுதான் ஆட்டக்காரரின் வேலை. பரிசுத் தொகையையும் அவர்கள் நிர்ணயிக்கவில்லை. குறைவாகக் கொடுத்துவிட்டு, குறைவாக வாங்கியதால் மதிப்பும் குறைவு என்றால் எப்படி?

மஞ்சள்சட்டை, பெயர் தெரியாதவர்கள் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதற்கு மருந்து கோப்பையைத் தனியாகப் பிரித்து வைப்பது இல்லை, அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது. 2024 ஃபைனலில் எதிரணி டெல்லி 7 ஓவரில் விக்கெட் இழப்பில்லாமல் 64. ஷஃபாலி அடித்த அடியைப் பார்த்து 180 போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எட்டாவது ஓவரை சோஃபி மொலினோ கையில் கொடுத்தார் ஸ்மிருதி. ஷஃபாலி தூக்கி அடிக்கப் போய்ப் பிடிபட்டார், 27 பந்தில் 44. அப்புறம் ஜெமிமா போல்டு, அடுத்த பந்தில் கேப்ஸி போல்டு, இரண்டு பேருமே முட்டை. 64க்கு 0 என்றிருந்தது ஒரே ஓவரில் 64க்கு 3. அங்கிருந்து ஷ்ரேயங்கா பாட்டீல் 12 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுக்க, டெல்லி 113க்கு ஆல் அவுட். சேஸிங் சுலபமாக இருக்கவில்லை, கடைசி ஓவர் வரை போனது, ரிச்சா கோஷ் பவுண்டரி அடித்துத்தான் முடிந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்னால் எலிமினேட்டர், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். மும்பைக்குக் கடைசி ஓவரில் 12 வேண்டும், அமீலியா கெர் களத்தில் நிற்கிறார். பந்து ஆஷா ஷோபனாவிடம் போகிறது. லெக் ஸ்பின்னர், திருவனந்தபுரத்துக்காரர், முப்பது வயது தாண்டிய பிறகு கிடைத்த வாய்ப்பு. கடைசி ஓவரை லெக் ஸ்பின்னரிடம் கொடுக்க எத்தனை கேப்டனுக்குத் தைரியம் வரும்? பூஜா வஸ்த்ராகரை ஸ்டம்பிங்கில் எடுத்து, 5 ரன்னில் ஜெயித்துக் கொடுத்தார். இந்த ஓவரைப் பார்த்தவர் யாரும் இதை வேறு கணக்கில் எழுதச் சொல்ல மாட்டார்.

மஞ்சள்சட்டை
அருமையாகச் சொன்னீர்கள், அந்த எலிமினேட்டரை நானும் பார்த்தேன். ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் அது நல்ல வெற்றி என்பதற்குச் சாட்சி. அதை நான் மறுக்கவே இல்லையே. கேள்வி எந்தப் பட்டியலில் எழுதுவது என்பதுதான். மும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 வரை ஐபிஎல் 5, டபிள்யூபிஎல் 2023லும் 2025லும் என்று 2. அதோடு தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா, அமீரக லீக்குகளில் ஜெயித்ததையும் அவர்கள் குடும்பக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். முதலாளி ஒருவர் என்பதை அளவாக வைத்தால் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேப் டவுனில் ஜெயித்ததை மும்பை ஜெயித்ததாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஓசூர்க்காரன்
நல்ல கேள்வி தம்பி. ஆனால் நான் முதலாளியை மட்டும் சொல்லவில்லை, ஊரையும் சொன்னேன். கேப் டவுன் அணிக்கு ஊர் வேறு, ரசிகர் வேறு. பெங்களூரு பெண்கள் அணிக்கு ஊரும் மைதானமும் கூட்டமும் ஒன்றுதான். இன்னொரு விஷயம், 2025 நவம்பரில் ஆர்சிபியில் வைத்திருக்கும் முதலீட்டை மறுபரிசீலனை செய்கிறோம் என்று முதலாளியான யுனைடெட் ஸ்பிரிட்ஸ் பங்குச் சந்தைக்குத் தெரிவித்ததே, அதில் ஐபிஎல் அணி, டபிள்யூபிஎல் அணி இரண்டையும் ஒரே தொழிலாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். விற்றாலும் ஒன்றாகத்தான் கைமாறும் போலிருக்கிறது. காசு போடுகிறவன் பிரித்துப் பார்க்காததை ரசிகன் ஏன் பிரிக்க வேண்டும்?

கணக்கன்
விற்பனைக்கு ஒரே பொட்டலமாக வைப்பது கணக்கு வசதிக்காக. வீரர்களுக்கான தொகையைப் பாருங்கள், 2025 சீசனுக்கு ஐபிஎல் அணிக்கு 120 கோடி, டபிள்யூபிஎல் அணிக்கு 15 கோடி. ஒன்றுக்கு எட்டு. நிர்வாகத்தின் கண்ணில் எது பெரிது என்று இதிலேயே தெரிகிறது.

லெக்ஸ்பின் ரசிகை
அந்த 120ஐயும் 15ஐயும் நிர்ணயிப்பது அணி நிர்வாகம் இல்லை, லீக். இந்த வித்தியாசம் தெரியாமல் அணி மேல் பழி போட வேண்டாம்.

அல்சூர்வாசி
பெங்களூரில் இருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2024ல் சின்னசாமியில் பெண்கள் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் ஆண்கள் ஆட்டத்தின் மிச்சம் இல்லை. பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வந்த அப்பாக்கள், முதுகில் பெர்ரி பெயர் போட்ட சட்டை, ஆஷா பந்து வீச வந்தால் ஒரு தனிச் சத்தம். உத்தரப் பிரதேச அணிக்கு எதிராகப் பெர்ரி அடித்த சிக்ஸர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் காட்சிக்கு நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியை உடைத்தது, உடைந்த துண்டுகளைச் சட்டம் போட்டு அவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள். இந்த ஊரில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. கோப்பையோடு திரும்பி வந்தபோது அதே சின்னசாமியில் ஆண்கள் அணி இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டி உள்ளே அனுப்பியது. கோலியும் டூ பிளெசியும் அந்த வரிசையில் நின்றார்கள். ஆட்டக்காரர்களே ஒரே வீடாக நடந்துகொள்ளும்போது நாம் வேலி போடுகிறோம்.

2025ல் இங்கே ஆடிய நான்கு ஆட்டமும் தோல்வி. அப்போதும் கூட்டம் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. 2025 ஜூன் 4 கொண்டாட்டத்தில் மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் போய்விட்டார்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்துக்கு முன்னால் கிரிக்கெட் பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள், பெண்கள் உலகக் கோப்பை ஆட்டங்கள் சின்னசாமியிலிருந்து எடுக்கப்பட்டு நவி மும்பைக்குப் போயின. நவம்பர் 2ல் இந்தியா உலகக் கோப்பையை வென்றது அங்கேதான். ஸ்மிருதியும் ரிச்சாவும் இந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் உலகக் கோப்பை ஆடும் வாய்ப்பு போய்விட்டது. ஆண்கள் அணியின் வெற்றிக்கு நடந்த ஏற்பாட்டுக் கோளாறுக்குப் பெண்கள் கிரிக்கெட்டும் விலை கொடுத்தது. கஷ்டத்தில் பங்கு உண்டு, பெருமையில் மட்டும் பங்கு இல்லையா?

மஞ்சள்சட்டை
நீங்கள் கடைசியில் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அது மனதைத் தைக்கிறது. ஆனாலும் 2025 நவம்பர் வரை ஐபிஎல் கோப்பை எத்தனை என்று கேட்டால் ஒன்று, டபிள்யூபிஎல் கோப்பை எத்தனை என்று கேட்டால் ஒன்று என்றுதான் நான் சொல்வேன். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் 5 என்று சொல்லும்போது 2010, 2014ல் எடுத்த, பல நாட்டு அணிகள் மோதிய சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை அதில் சேர்ப்பதில்லை, அது ஆண்கள் அணி எடுத்ததாக இருந்தும்.

ஓசூர்க்காரன்
சரி, எண்ணைத் தனித்தனியாக எழுதுங்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை. "ஆர்சிபியின் முதல் கோப்பை" என்ற சொற்களுக்குப் பக்கத்தில் 2025 என்று போடாதீர்கள், அவ்வளவுதான். "முதல் ஐபிஎல் கோப்பை" என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? சாம்பியன்ஸ் லீக்கைச் சேர்க்கவில்லை என்கிறீர்கள், ஆனால் அதை சிஎஸ்கே ஜெயித்தது என்றுதானே சொல்கிறீர்கள்.

லெக்ஸ்பின் ரசிகை
மஞ்சள்சட்டை, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. உங்கள் அணிக்கு ஜோகன்னஸ்பர்க்கில் ஓர் அணி இருக்கிறது, டெக்ஸாஸில் ஓர் அணி இருக்கிறது. சென்னையில் பெண்கள் அணி ஏன் இல்லை?

மஞ்சள்சட்டை
எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. 2024ல் தென்னாப்பிரிக்காவோடு டெஸ்ட் சேப்பாக்கத்தில்தான் நடந்தது, ஷஃபாலி 205, ஸ்மிருதி 149, இந்தியா 6 விக்கெட்டுக்கு 603. இங்கே ஆட்டம் வைத்தால் ஓடாது என்று யாரும் சொல்ல முடியாது. மதுரைப் பெண் கமலினியை 16 வயதில் 1.6 கோடிக்கு மும்பை எடுத்தது, பெங்களூரிலேயே ஆர்சிபிக்கு எதிராக அந்தப் பெண் வின்னிங் ஷாட் அடித்ததைப் பார்த்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, அந்தச் சட்டை மஞ்சளாக இல்லையே என்றும் இருந்தது. அணி வாங்க 901 கோடி பெரிய தொகை, போட்ட பணம் எப்போது திரும்பும் என்ற கணக்கும் இருக்கும், அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அமெரிக்காவில் போட்ட பணம் மட்டும் நாளைக்கே திரும்பும் என்றா போட்டார்கள்?

கணக்கன்
லீக்கில் அணிகளைக் கூட்டும்போது சென்னை ஏலத்துக்குப் போகிறதா என்று பார்ப்போம். போனால், முதல் கோப்பை பற்றிய இதே வாதம் அன்று சிஎஸ்கே பக்கமும் வரும்.

மஞ்சள்சட்டை
வரட்டும். அன்றைக்கும் தனித்தனிப் பட்டியல்தான் கேட்பேன். ஆனால் டிக்கெட் வாங்க முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.